மீன் தலைக்குச் சான்று யார் தருவது?



2016ஆம் ஆண்டில் மங்களூரில் செந்நிறப் பாறைமீனின் தலைகளைச் சமைத்து உண்டவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சதைப்பகுதி ஏற்றுமதிக்கென எடுக்கப்பட்டபின் எஞ்சிய தலைகள் அவை.

‘சிகுவாட்டெரா’ எனப்படும் இந்நோய், மீன் கெட்டுப்போவதால் விளைவதன்று. பவளப்பாறைப் பாசிகளின்மேல் வாழும் ஒரு நுண்ணுயிர் நச்சை உண்டாக்குகிறது; பாசி மேயும் சிறுமீன்கள் வழியே அது பெருமீன்களில் சேர்கிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் மட்டுமல்ல, குளிர்ந்த நீரும் சுடுவதுபோல் தோன்றும். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் நச்சு அழிவதில்லை. மணமும் சுவையும் மாறுவதில்லை. செவுளைப் பிரித்துப் பார்த்து வாங்கும் நம் வீட்டாரின் அனுபவம் இங்கே பயன்படாது.

பொருளாதாரம் பயின்றவன் கண்ணில் படுவது வேறொன்று. நச்சு, சதையைவிடத் தலை, ஈரல், சினை ஆகியவற்றில் மிகுதி. சதைக்கு அயல்நாட்டார் சான்றிதழ் கேட்கின்றனர். உள்ளூரில் மலிவாக விற்கும் தலைக்கு யார் கேட்கிறார்கள்?

மீன் பிடிபட்ட பாறைப்பகுதியைப் படகின் ஏட்டில் குறிக்கச் செய்து, ஐயத்திற்குரிய பகுதியின் பெருமீன்களை ஏலத்திற்கு முன்பே விலக்க வேண்டும். ஆனால், உண்மையைக் குறித்த மீனவர் விலையை இழந்தால் மறுமுறை குறிக்கமாட்டார். ஆகவே, விலக்கப்படும் மீனுக்கு ஈட்டுத்தொகை தர ஏற்றுமதி வருவாயில் ஒரு சிறு பங்கை ஒதுக்கலாம் என்பது என் கருத்து.