ஒரு கைக்கு ஒரு பை



கொழும்புக்கு ஒரு நாள் பயணமென்றாலும் உம்மா மருதமுனைச் சாரன் நான்கை மடித்துப் பையில் திணித்துவிடுவார். "கூடக் கிடந்தா சோறா கேக்கப் போகுது, மகன்?" என்பார். எங்கள் கல்முனைக் கரையில் பயணத்துக்குப் பை கட்டுவது அப்படித்தான் இருந்தது.

2004 டிசம்பர் 26. ஞாயிறு, போயா தினம். காலையில் கடல் எழுந்து வந்தபோது பை கட்ட யாருக்கும் நேரமிருக்கவில்லை. உடுத்த உடுப்போடு ஓடினோம். இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேல். பிழைத்தவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தங்கியிருந்த நாட்களில்தான் மற்ற இழப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன: அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ். நான் இன்னார் என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை.

இன்று எங்கள் வாசற்கதவின் பின்னால் ஒரு சிறு பை தொங்குகிறது. பத்திரங்கள் பொலித்தீனில் சுற்றியபடி அடியில். மேலே மருந்துகள், டோர்ச், ஒரு சாரன்.

"ஒண்டு போதுமா, மகன்?" என்று உம்மா கேட்டார்.

"போதும் உம்மா. பை ஒரு கையால் தூக்குமளவுதான் இருக்க வேணும். மற்றக் கையால் உங்களைப் பிடிக்க வேணுமே."