வயர்லெஸ் அமைப்புகளை இணைத்தல்

பிற மாநிலங்களில் வாழும் நாம், நம் மொழி அறியாதவரோடு பேச நேருங்கால் இருமொழி வல்லார் ஒருவரின் துணையை நாடுகிறோம். முற்காலத்தில் அத்தகையவரைத் துபாஷி என்று வழங்கினர். காவல் துறை, தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ் ஆகியவற்றின் வயர்லெஸ் கருவிகளுக்கும் ஒரு துபாஷி தேவைப்படுகின்றது. அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

ஒவ்வொரு துறையும் தன் தேவைக்கேற்பத் தனி அலைவரிசை பெற்று, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கருவிகளை வாங்குகின்றது. தனக்குரிய அலைவரிசைக்கு அப்பால் ஒலிப்பதை ஒரு கருவி அறியாது. அன்றாடப் பணிக்கு இப்பிரிவினை நன்மையே. தீயணைப்போர் பேச்சில் போக்குவரத்துக் காவலரின் பேச்சுக் குறுக்கிடுவதில்லை. ஆனால் பெருவிபத்து நேரும்போது இச்சுவரே தடையாகி விடுகின்றது.

1982 ஜனவரி 13 அன்று, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பனிப்புயலிடையே புறப்பட்ட விமானம் ஒன்று, பாலத்தில் மோதிப் பொட்டோமாக் ஆற்றில் வீழ்ந்தது. பாலத்தில் சென்ற நால்வர் உட்பட 78 பேர் மாண்டனர். அரைமணி நேரத்தில் அந்நகரிலேயே சுரங்க இரயில் ஒன்றும் தடம் புரண்டது. பல ஊர்களிலிருந்தும் மீட்புப் படையினர் விரைந்து வந்தனர். எனினும் அவர்கள் ஒருவரோடொருவர் வயர்லெஸில் பேச இயலவில்லை.

இக்குறையை நீக்க வழிகள் பல உண்டு. தம் கருவிகளில் சிலவற்றை மற்றத் துறையினர்க்குக் கொடுப்பது எளிய வழி. எல்லாக் கருவிகளிலும் பொதுவான அலைவரிசை ஒன்றை முன்கூட்டியே அமைத்து வைப்பது அடுத்தது. மூன்றாவது, இணைப்புப் பெட்டி. ஒவ்வொரு துறையின் கருவியிலும் ஒன்றை இப்பெட்டியுடன் பொருத்துவர். காவல் துறைக் கருவி கேட்கும் குரலைப் பெட்டி வாங்கித் தீயணைப்புப் படையின் கருவிக்கு அளிக்கும். அக்கருவி அதைத் தன் அலைவரிசையில் ஒலிபரப்பும். இதுவே நாம் கூறிய துபாஷி.

துபாஷிக்கும் குறைகள் உண்டு. குரல் கடந்து செல்லும். பேசுபவர் இன்னார் எனக் காட்டும் எண் பெரும்பாலும் செல்லாது. ஒவ்வோர் இணைப்பும் இருபுறத்தும் ஒரு வழியை அடைத்துக்கொள்ளும். வரம்பின்றி இணைத்தாலோ பலர் ஒருங்கே பேச முற்பட்டு, எவர் சொல்லும் எவர்க்கும் விளங்காது போகும்.

ஆகவே அமைப்புகளின் நடுநிலையங்களையே நேராக இணைக்கும் முறை வகுக்கப்பட்டது. ஐரோப்பாவின் டெட்ரா, அமெரிக்காவில் 1989-இல் தொடங்கப்பட்ட பிராஜக்ட் 25 ஆகிய பொதுத் தரங்கள் இதற்கு இடமளிக்கின்றன. நார்வே, சுவீடன் ஆகிய நாடுகள் தம் தேசிய வயர்லெஸ் அமைப்புகளை 2016-இல் இவ்வாறு இணைத்தன. எல்லை கடந்து உதவிக்குச் செல்லும் நார்வே ஆம்புலன்ஸ் தன் சொந்தக் கருவியிலேயே பேச அதனால் வழி பிறந்தது.

கருவி அமைந்தால் போதுமா? போதாது. இணைக்க ஆணையிடும் அதிகாரி யார், முதலில் பேசுபவர் யார் என்பன முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். அமெரிக்கக் காவலர் எண்களையே சங்கேதமாக வழங்கி வந்தனர். ஒரே எண்ணுக்கு ஊருக்கு ஊர் பொருள் வேறுபட்டது. குரல் எட்டியும் பொருள் எட்டாவிடில் என்ன பயன்? எனவே கூட்டுப் பணியில் எளிய சொற்களையே ஆள வேண்டும் என விதித்தனர்.

வாஷிங்டன் வட்டாரத்தார் 1982-இன் பாடத்தை மறக்கவில்லை. துறைகள் கூடி உடன்படிக்கை செய்து கொண்டன. 2001 செப்டம்பர் 11 அன்று பென்டகன் தாக்கப்பட்டபோது, முதலில் வந்த உள்ளூர்ப் படையினரில் பெரும்பாலோர் இடரின்றித் தம்முள் பேச முடிந்தது. பின்னர் வந்து சேர்ந்த, அவ்வுடன்படிக்கைக்குப் புறம்பான துறையினரால் புதிய சிக்கல்கள் எழுந்தன. உடன்படிக்கை எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமே பேச்சு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் காவல் துறை மாநிலங்களின் பொறுப்பு. மாநிலக் காவல் வயர்லெஸ் பணிகளை ஒருங்கிணைக்க 1946-இலேயே மத்திய அமைப்பொன்று ஏற்பட்டது. எனினும் வெள்ளத்திலும் தீயிலும் காவலர் தனித்துப் பணியாற்றுவதில்லை. தீயணைப்போர், மருத்துவர், இரயில்வேயினர் அனைவர்க்கும் உரிய ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். ஆண்டுதோறும் ஒத்திகையும் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் நம் முன்னோர். குரலுக்கான பாலமும் அவ்வாறே அமைதி நாளில் கட்டப்பட வேண்டியதாகும்.