காற்றோடு செல்லும் பலகைக்கு ஏற்ற செட்டை

திருகோணமலைக் கடலோர மக்கள் காற்றை வெறுமனே காற்று என்று கூறி அமைவதில்லை. அது வரும் திசையைக் கொண்டு அதற்குப் பெயரிட்டு வழங்குவர். வடக்கிலிருந்து மழையோடு வருவது வாடை. கிழக்கிலிருந்து கடலைத் தழுவி வருவது கொண்டல். காய்ந்த நிலத்தின் மீது தவழ்ந்து, மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வருவது கச்சான். காற்றின் பெயரை அறிந்தவன் அதன் குணத்தையும் அறிவான். எந்நாளில் வலையை எடுத்துச் செல்வது, எந்நாளில் தோணியைக் கரையேற்றுவது என்பனவெல்லாம் அந்த அறிவில் அடங்கும்.

இத்தகைய மரபறிவு நிலவும் கரைக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய மிதவை வந்து சேர்ந்திருக்கிறது. உப்புவெளி, நிலாவெளி ஆகிய கரைகளை நாடி வரும் உல்லாசப் பயணிகளுக்கும், அவர்களை உபசரிக்கும் உள்ளூர் இளைஞர்க்கும் இது பழக்கமான பொருளாகி வருகிறது. பத்து முதல் பதினான்கு அடி நீளமான ஒரு பலகை. அதன் நடுவே ஒருவர் எழுந்து நிற்பார். தம் உயரத்தினும் சற்று நீண்ட ஒற்றைத் துடுப்பால் நீரை வலித்துச் செல்வார். பேடில்போர்ட் என்று இன்று பலரும் கூறும் துடுப்புப் பலகை இதுவே. இதனைக் காற்று வீசும் திசையிலே செலுத்தி, அலையின் முதுகில் ஏறி, அது தரும் வேகத்தோடு அடுத்த அலைக்குத் தாவிச் செல்வது ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது.

பலகையின் அமரத்துக்குக் கீழே, அதாவது பின்முனையின் அடியிலே, நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடு ஒன்று உண்டு. மீனின் உறுப்புக்கு வழங்கும் பெயராலேயே அதனைச் செட்டை எனலாம். பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இத்தகடு பலகையின் போக்கை மட்டுமன்று, சில வேளைகளில் அதன் மேல் நிற்பவரின் உயிரையும் தொட்டு நிற்பதாகும்.

செட்டை எப்பொழுதும் பலகையோடு இருந்ததன்று. பசிபிக் சமுத்திரத்தின் ஹவாய்த் தீவு மக்கள் பன்னெடுங் காலமாகச் செட்டையில்லாப் பலகைகளிலேயே அலையேறினர். பலகை திசை மாறவேண்டுமாயின் ஒரு காலை நீரில் இழுத்துத் திருப்புவர். 1935ஆம் ஆண்டில் தொம் பிளேக் என்பார், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் உலோக அடித்தகட்டை எடுத்துத் தம் பலகையின் கீழே பொருத்திப் பார்த்தார். அதுவரை அலையின் சரிவில் பக்கமாக வழுக்கிய பலகை அன்று நேர்வழி பற்றி ஓடியது. பலகையின் வரலாற்றில் செட்டை புகுந்த கதை இதுவாகும். நின்றுகொண்டு துடுப்பு வலிக்கும் வழக்கமும் அத்தீவுகளிலேயே தோன்றி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. மொலொக்காய்த் தீவிலிருந்து ஓவாகுத் தீவு வரை ஏறக்குறைய 52 கிலோமீற்றர் கடலைக் கடக்கும் பலகைப் போட்டி 1997ஆம் ஆண்டு முதல் பெயர்பெற்று விளங்குகிறது.

செட்டை செய்யும் தொழில் யாது? முதலாவதாக, அது அமரம் பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவதாக, ஒரு பக்கத்தில் துடுப்பை வலிக்கும்போது பலகை மறுபக்கம் திரும்பிவிடாமல் தடுக்கிறது. மூன்றாவதாக, நீருக்குள் ஆழ்ந்து நிற்பதால், பலகை இடமும் வலமும் உருளும் ஆட்டத்தை ஓரளவு தணிக்கிறது. இந்த மூன்று நன்மைகளுக்கும் ஒரு விலை உண்டு. செட்டை பெரிதாக ஆக, நீரின் இழுவையும் பெரிதாகும். பலகையைத் திருப்புவதும் கடினமாகும். ஆகவே, சிறந்த செட்டை எது என்று கேட்பது முறையன்று. எந்தப் பயணத்துக்குச் சிறந்தது என்று கேட்பதே முறை. வேகமாக ஓடும் சூரை மீனின் வால் பிறைபோல் ஒடுங்கியிருப்பதும், பாறை இடுக்குகளில் வாழும் மீன்களின் வால் அகன்றிருப்பதும் இவ்வுண்மையையே காட்டுகின்றன.

காற்றோடு செல்லும் பயணத்தில் அலையின் வேகம் முதன்மை பெறுகிறது. அமைதியான நீரில் துடுப்பு வலிப்பவர் மணிக்கு ஏறத்தாழ 6 முதல் 9 கிலோமீற்றர் வரை செல்வார். ஆழ்கடலில் மூன்று விநாடிக்கு ஒன்றாக வரும் அலையோ மணிக்கு 17 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. அதன் ஒரு முகட்டுக்கும் மறு முகட்டுக்கும் இடைவெளி 14 மீற்றர். இரண்டு விநாடிக்கு ஒன்றாக வரும் சிற்றலை மணிக்கு 11 கிலோமீற்றர் வேகமுடையது. அதன் இடைவெளி ஏறக்குறைய 6 மீற்றர். வலிப்பவர் நான்கைந்து முறை விரைந்து வலித்துத் தம் வேகத்தைக் கூட்டினால், அமரத்தைத் தூக்கும் அலை மிகுதி வேகத்தைத் தந்துவிடும். அந்நேரத்தில் செட்டையின் இயல்பு மாறுகிறது. நீரில் செல்லும் தகட்டின் பிடிப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரண்டு மடங்கானால் பிடிப்பு நான்கு மடங்காகும். எனவே, மெதுவாகச் செல்லும்போது போதாதிருந்த சிறு செட்டை, அலைமீது ஓடும்போது போதியதாகிவிடும். பெரிய செட்டையோ பலகையை ஒரே கோட்டில் பூட்டிவிடும். அலையின் சரிவில் சற்றே சாய்ந்து திரும்பி அடுத்த பள்ளத்தைத் தவிர்க்க இயலாமல், பலகையின் அணியம், அதாவது முன்முனை, நேரே நீருக்குள் புதையும்.

இக்காரணத்தால், நெடும்பயணத்துக்கு 9 அல்லது 10 அங்குல ஆழமான செட்டை வழங்குவோரும், காற்றோடு செல்லும் பயணத்துக்கு 7 முதல் 9 அங்குலம் வரையிலானதையே பெரும்பாலும் விரும்புவர். அதற்காக மிகச் சிறிய செட்டையைத் தேடுவதும் பிழை. அலை சரியும்போது அமரம் பிடிப்பிழந்து வழுக்கினால், பலகை அலைக்குக் குறுக்கே திரும்பி நிற்பவரைத் தள்ளிவிடும். உடற்பாரம் மிகுந்தவர்க்கும், புதிதாகப் பழகுவோர்க்கும் சற்றுப் பெரிய செட்டையே தகும்.

அளவுக்கு அடுத்தது வடிவம். நிமிர்ந்து நிற்கும் செட்டை எளிதில் திரும்பும். பின்னோக்கிச் சாய்ந்த செட்டை நேர்வழியைக் காக்கும். திருகோணமலைச் சுற்றாடலில் சாய்வு மிகுந்த செட்டைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கொட்டியாரக் குடாவின் ஆழங் குறைந்த பகுதிகளில் கடற்புல் வளர்ந்திருக்கிறது. அறுபட்ட சாதாளை நீரின் மேற்பரப்பிலும் மிதந்து வரும். நிமிர்ந்த செட்டையில் அது சிக்கினால் பலகை நங்கூரமிட்டதுபோல் தளரும். சாய்ந்த செட்டையிலிருந்து அது தானே வழுகிக் கழன்றுவிடும். புறாமலைத் தீவின் அயலிலோ முருகைக்கல் பாறைகள் நீர்மட்டத்துக்கு அண்மையில் கிடக்கின்றன. இங்கே வற்று, பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே பெருக்கை நம்பிப் பாறைமீது செல்வதற்கில்லை. 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில் ஆழ்ந்த செட்டை முருகைக்கல்லையும் கெடுக்கும். பலகையின் அடிப்பாகத்தையும் பெயர்க்கும். எத்துணை நல்ல செட்டையாயினும் அத்தகைய ஆழங் குறைந்த நீருக்கு அது உரியதன்று.

மூன்றாவது, செட்டை நிற்கும் இடம். பல பலகைகளில் செட்டையை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய நீண்ட காடி அமைந்திருக்கும். பின்னே நகர்த்தினால் பலகை நேராக ஓடும். முன்னே நகர்த்தினால் இலகுவாகத் திரும்பும். ஒரு விரலகல மாற்றமும் காலுக்குத் தெரியும். ஊதிப் பெருப்பிக்கும் பலகைகள் பலவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. அவற்றுக்குச் செட்டையை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

தேர்வு செய்வோர் ஒரே நாளில், ஒரே காற்றில், ஒரே தூரத்தை இரண்டு செட்டைகளால் கடந்து பார்க்கவேண்டும். முதலில் பெரியதைக் காடியின் நடுவே பூட்டி, ஒரு பக்கத்தில் எத்தனை முறை வலித்தபின் துடுப்பை மாற்ற நேர்கிறது என்று எண்ணவேண்டும். பின்னர் சிறியதைப் பூட்டி அவ்வாறே எண்ணவேண்டும். அமரம் வழுக்கினால் செட்டையைப் பின்னே நகர்த்துக; அணியம் அடிக்கடி புதைந்தால் முன்னே நகர்த்துக. நல்ல இடம் கண்டபின் காடியின் ஓரத்தில் ஓர் அடையாளம் இட்டுவைத்தல் நன்று. கல்லில் உரசிப் பிசிறு கண்ட செட்டையை மென்மையாகத் தேய்த்துச் சீர்செய்யவேண்டும். அதனைப் பிணைக்கும் திருகாணி சிறியதாயினும், அது கழன்றால் நடுக்கடலில் செட்டையே இல்லை; ஆகவே மேலதிகத் திருகாணி ஒன்று கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் புதுமையல்ல என்று தமிழகக் கரைக் கட்டுமரக்காரர் கூறக்கூடும். பாய் விரித்துக் காற்றுக்குக் குறுக்கே ஓடும்போது அவர்கள் பலகையொன்றை நீருக்குள் ஆழச் செலுத்தி மரம் பக்கம் நழுவாமல் காப்பர். காற்றோடு ஓடும்போது அந்தப் பிடிப்பு வேண்டுவதில்லை. ஆழ்ந்த பலகை வெறும் சுமையாகிவிடும். போவதற்கு ஒரு தகடு, குறுக்கே வருவதற்கு வேறொரு தகடு என்னும் இந்தப் பழைய அறிவு புதிய பலகைக்கும் அப்படியே பொருந்தும்.

இங்கேதான், நேயர்களே, திருகோணமலைக்கு உரிய தனிச் செய்தி ஒன்று உண்டு. உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் பயணிகள் மிகுதியாக வரும் காலம் மே முதல் செப்ரெம்பர் வரையிலானது. கச்சான் வீசும் காலமும் அதுவே. அக்கரைகள் கிழக்கும் வடகிழக்கும் நோக்கியவை. ஆதலால் கச்சான் அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அலை வளர்வதற்குக் காற்று நீரின் மீது நெடுந்தூரம் ஓடவேண்டும். கரையோரத்தில் அது ஓடியிருக்கும் தூரம் மிகச் சிறிது. எனவே கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் கண்ணாடிபோல் தோன்றும். பலகைக்கு உகந்த நாள் இதுவே என்று எண்ணிப் புதியவர் இறங்குவார். நிற்கும் மனித உடல் ஒரு பாயைப்போல் காற்றை ஏற்கும். முதல் 200 மீற்றர் தூரம் அவருக்குத் தம் கைவன்மையால் கிட்டிய வெற்றியாகத் தோன்றும். அது காற்றின் வன்மை என்பது திரும்பும்போதே தெரியவரும். அப்போது அலையும் உயர்ந்திருக்கும், கரையும் சிறுத்திருக்கும்.

காற்றோடு ஓடுவதற்கென்று தேர்ந்த சிறு செட்டை அவ்வேளையில் கைகொடாது. எதிர்க்காற்றில் பலகை மெதுவாக நகரும். வேகம் குறைந்தால் செட்டையின் பிடிப்பும் குறையும். அணியம் இருபுறமும் அலையும். பெரிய செட்டை இதனைச் சற்றுத் தணிக்கும். ஆயினும், செட்டை வழுக்கலைத் தடுக்குமேயன்றி முன்னே தள்ளும் வலிமை அதற்கில்லை. திரும்பும் வலிமை தோளுக்கே உரியது. தோள் தோற்கும் இடத்தில் எந்தச் செட்டையும் காவாது.

ஆகவே, செட்டையைத் தேர்வதற்கு முன் காற்றுவழியைத் தேரவேண்டும். அந்த வழியின் முடிவில் நிலம் இருக்கிறதா என்பதே முதற் கேள்வி. நிலத்தால் சூழப்பட்ட திருகோணமலை உட்துறைமுகத்தில் தென்மேற்குக் காற்றின் வழி பெரும்பாலும் கரையிலேயே முடியும். அலையும் குறுகியதாக, பழகுவோர்க்கு எட்டும் வேகத்தில் இருக்கும். ஆயின் அங்கே கடற்படைத் தளமும் கப்பற் போக்குவரத்தும் உள்ளமையால், உரிய அதிகாரிகளின் அனுமதியும் எல்லைகளும் முன்னரே அறியப்படல் வேண்டும். திறந்த கடலை நோக்கிய கரையில் கச்சான் வீசும்போது, பலகையை வாடகைக்குக் கொடுக்கும் இளைஞர் பெரிய செட்டையைப் பூட்டி, இடுப்பளவு நீரின் எல்லையைச் சுட்டிக்காட்டி, முதலில் காற்றை எதிர்த்துச் சென்று பார்க்கும்படி பணிப்பாராயின், அது வியாபாரத்துக்கு இடையூறன்று. விருந்தோம்பலின் ஒரு பகுதியேயாகும்.

அவ்வாறிருந்தும் ஒருவர் வெளியே தள்ளப்பட்டால் செய்யத்தக்கன சிலவே. காலோடு பலகையைப் பிணைக்கும் கயிறும் உயிர்காப்பு அங்கியும் கரையிலேயே அணியப்பட்டிருத்தல் வேண்டும். ஏனெனில் ஆளிழந்த பலகை நீந்துவோரைவிட விரைந்து காற்றில் ஓடிவிடும். நிற்பதை விட்டு முழந்தாளிட்டு, சற்றே முன் நகர்ந்து, அணியம் நீரைப் பற்றும்படி செய்து வலிக்கவேண்டும். அதுவும் இயலாவிடின் குப்புறப் படுத்துக் கைகளால் வலிக்கலாம். களைப்பு மேலிட்டால் பலகையிலேயே இருந்து, ஊதுகுழலாலும் உயர்த்திய துடுப்பாலும் உதவி கோரவேண்டும். பலகையைக் கைவிட்டுக் கரைக்கு நீந்த முயல்வது கூடாது.

காற்றோடு பலகை ஓடுவது மனத்துக்கு உவகை தரும் விளையாட்டு. உடலுக்கும் உரந் தருவது. தோணியும் வலையும் கண்ட கரையின் பிள்ளைகள் இதில் எவர்க்கும் பின்நிற்கவேண்டியதில்லை. கடைக்காரர் காட்டும் செட்டையின் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னர், அன்றைக்கு வீசுவது எந்தக் காற்று என்று கரையில் வலை பொத்தும் பெரியவர் ஒருவரைக் கேட்பாராயின், தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.