வேலூர் கண்ட மருத்துவ மாதரசிகள்

(ஆம்பூரை அடுத்த ஒரு கிராமத்தில், பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் ஊர்களின் பெயரைச் சொன்னாலே, தோல் பதனிடும் சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளுமே பிறர் நினைவிற்கு வருகின்றன. அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் அந்த ராணிப்பேட்டையிலேதான் 1870-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் பிறந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரைப் பற்றியும், அவர் நிறுவிய கல்லூரியில் பயின்ற இன்னொரு பெண்மணியைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறோம்.

ஐடாவின் பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து தொண்டு புரிந்த மருத்துவர்கள். ஐடாவுக்கோ இந்நாட்டில் தங்கும் எண்ணமே இருந்ததில்லை. அமெரிக்காவில் கல்வி முடித்தபின், நோயுற்ற தாயாரைக் கவனிக்கவே 1890-ஆம் ஆண்டளவில் திண்டிவனத்திற்கு வந்திருந்தார். அங்கே ஓர் இரவு, வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த மூன்று ஆடவர்கள், ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தந்தை வருவார்" என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு மூவருமே இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள்.

அந்த மூவரையும் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. மனைவியைக் காக்க வேண்டும் என்றுதானே நள்ளிரவில் ஓடி வந்தார்கள்! வழக்கம் அவர்கள் காலைக் கட்டியிருந்தது. அதை அவிழ்ப்பார் அன்று அந்த ஊரில் இல்லை.

ஐடா அமெரிக்கா திரும்பினார். தாய் வீட்டை மறப்பதற்காக அல்ல, மருத்துவம் கற்பதற்காக. 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கியது. 1902-இல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனையைக் கட்டிவிட்டால் மக்கள் வந்துவிடுவார்களா? வயலில் களையெடுக்கும் பெண் கூலியை விட்டுவிட்டு வேலூருக்கு எப்படி வருவாள்? ஆகவே அம்மையார் தாமே புறப்பட்டார். வேலூரிலிருந்து குடியாத்தம் வரை வாரந்தோறும் மருந்துப் பெட்டியுடன் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டாரிலும் சென்றார். முதன்முதலில் அந்த மோட்டாரைக் கண்டவர்கள் பிசாசு வண்டி என்று அஞ்சி ஓடினார்கள் என்று சொல்வதுண்டு. அஞ்சியவர்களே பிறகு சாலையோர மரத்தடியில், குழந்தையை இடுப்பில் சுமந்து, அவ்வண்டிக்காகக் காத்திருக்கலானார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுவதும், கண்ணுக்கு மருந்திடுவதும், சொத்தைப் பல்லைப் பிடுங்குவதும் அம்மரத்தடியிலேயே நடந்தன. அதே சாலையில் உள்ள கீழ்வைத்தியனான்குப்பத்தில்தான் வேலூர் மருத்துவக் கல்லூரி 1977-இல் கிராம நல மையம் ஒன்றைத் தொடங்கியது.

தாம் ஒருவரே எத்தனை கிராமங்களுக்குச் செல்ல முடியும் என்று அம்மையார் எண்ணிப் பார்த்தார். நம் நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று முடிவு செய்தார். அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயது என்பது நமது கருத்து. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் விண்ணப்பித்தாலே பெரிது என்று மருத்துவத் துறை மேலதிகாரி கருதினார். வந்த விண்ணப்பங்களோ 151! அக்காலத்தில் தம் பெண்ணை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் துணிந்த அந்தப் பெற்றோரின் துணிவையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. முதல் அணியில் இறுதித் தேர்வு எழுதியோர் அனைவரும் தேறினர்.

பின்னர், மருத்துவப் பள்ளிகள் யாவும் பட்டம் வழங்கும் கல்லூரிகளாக உயரவேண்டும் என்ற விதி வந்தது. பணம் இல்லை, அம்மையாருக்கோ எழுபதை எட்டும் வயது. மீண்டும் கடல் கடந்து, ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். 1942-இல் பள்ளி கல்லூரியாயிற்று. 1947 முதல் ஆண்களுக்கும் இடம் கிடைத்தது. 1960-இல் கொடைக்கானலில் அம்மையார் மறைந்தார்.

அக்கல்லூரியில் பயின்றவர்களுள் ஒருவரே கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த ஒரு வாகன விபத்து, இளம் மருத்துவராயிருந்த அவரை இடுப்பிற்குக் கீழே அசைவற்றவராக்கியது. இனி என்ன செய்ய முடியும் என்று உலகம் இரங்கியது. அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலானார். மடங்கிப்போன விரல்கள் மீண்டும் நிமிர்ந்து சோற்றுக் கவளத்தைப் பற்றின. நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைவரானார். 1966-இல் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது. பனைமரத்திலிருந்து விழுந்தோ, கிணறு வெட்டுகையில் சரிந்தோ முதுகெலும்பு முறிந்த உழவன் எழுந்து அமரவும், நாற்காலியை உருட்டவும், ஒரு தொழில் கற்கவும் வழி பிறந்தது. நாற்காலியில் அமர்ந்த டாக்டரே "முயன்று பார்" என்று சொல்லும்போது நோயாளியால் மறுக்க முடியுமா? 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-இல் அவர் காலமானார்.

பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் இறுதியாக ஒன்று கேட்கிறோம். இன்று பெண் மருத்துவருக்குப் பஞ்சமில்லை. பிரசவத்திற்கு மருத்துவமனை செல்வதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறிப் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் நம் பெண்கள், இடுப்பு வலியையும் இரத்தச் சோகையையும் யாரிடம் சொல்கிறார்கள்? சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் தையல் எந்திரத்தின் முன்னல்லவா அமர்ந்திருக்கிறார்கள்! விடுமுறை நாளிலோ மாலையிலோ அவர்களுக்கென மருத்துவ முகாம் நடத்தும்படி வட்டார மருத்துவ அலுவலரைக் கேட்டு, அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதை அந்தப் பெண்களே சொல்லட்டும்.