செல்ஃப் இழுக்கிறதா? பேட்டரி வாங்கும் முன் பாருங்கள்

(சங்கக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பார்க்கிங் மூலையில் நிற்கும் பழைய மாருதி 800 என்னுடையதுதான். அந்த மாடலை 2014 ஜனவரியிலேயே கம்பெனி நிறுத்திவிட்டது. நான்தான் இன்னும் நிறுத்தவில்லை.

போன வருடம் ஒரு நாள் நள்ளிரவில் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெஞ்சுவலி. சாவியைத் திருப்பினால் ‘கிர்... கிர்...’ என்று இழுக்கிறது. நான்காவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது. இத்தனைக்கும் பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

கோளாறு பேட்டரியில் இல்லை, எர்த் ஒயரில். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் முடிச்சூர் பக்கம் போலவே நம் பார்க்கிங்கிலும் தண்ணீர் நின்றதே, அதில் அதன் முனை துருப்பிடித்திருந்தது. ஒயருக்குச் சில நூறு ரூபாய்தான். தேவையில்லாமல் பேட்டரிக்குக் கொடுத்தது சில ஆயிரம்.

அதனால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் அல்லது ஸ்பார்க் பிரச்சினை. சுற்றுவதே மெதுவாக இருந்தால் மல்ட்டிமீட்டரை எடுங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் அதன் மேல் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

மூன்றும் சரியா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. எர்த்தும் பாசிடிவ் ஒயரும் சரியென்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு இருக்கட்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அதுதான் கடைசி.

தாம்பரம் ஸ்டேஷனில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டத்தில் பேட்டரி நிரம்பாது. வாரம் ஒருமுறை வண்டலூர் தாண்டியாவது போய் வாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் மட்டும் சாவியே போடாதீர்கள்.

என் மீட்டர் இனி செக்யூரிட்டி அறையில் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிறு காலை எல்லா வண்டிகளையும் பார்த்துவிடுவோம். அன்றைக்கு ரீடிங் குறித்துக்கொள்வது நம் மாமாதான். இதோ, முன் வரிசையில் நலமாக உட்கார்ந்திருக்கிறார்.