ஊடாங் காலாவும் சளிக்காய்ச்சலும்



நாடு சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில்தான் ஆசியக் காய்ச்சலும் மலாயாவில் பரவியது. பெரட்டுக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லாத காலம் அது. காய்ச்சல் என்றால் அடுப்பிலும் கை வைத்துவிடும்.

இன்ஃபுளுவென்சா எனும் இக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் ஆண்டுதோறும் போட வேண்டும். வைரஸ் கிருமி தன் மேற்சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால், பழைய ஊசியைக் கொண்டு உடம்பு அதைச் சரியாக அடையாளம் காண்பதில்லை.

ஆனால் சட்டையில் அதிகம் மாறாத ஒரு பொத்தானும் இருக்கிறது. எம்2 என்ற புரதத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டு அது. 23 அமினோ அமிலங்கள்தாம். இத்தகைய துண்டைப் பெப்டைட் என்பார்கள். 1999-இல் பெல்ஜியத்தில் வால்டர் ஃபியர்ஸ் குழுவினர் இதைக் கொண்டு சுண்டெலிகளைக் காத்துக் காட்டினார்கள்.

துண்டு மிகச் சிறியது. தனியே செலுத்தினால் உடம்பு பொருட்படுத்தாது. அதைச் சுமக்க ஒரு வண்டி வேண்டும். செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தார் அந்த வண்டியை எங்கே கண்டார்கள் தெரியுமா? நாம் குழம்பு வைக்கிறோமே, ஊடாங் காலா, அந்த இறாலைத் தாக்கும் நோடா வைரஸில்! வைரஸை அப்படியே எடுக்கவில்லை. அதன் ஓட்டுப் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் வளர்த்தார்கள். அது தானாகவே வெற்று உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும், நோய் தராது. அந்த உருண்டையின் மேல் எம்2 துண்டுகளைப் பதித்தார்கள். 2015-இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. 2019-இல் எச்1என்1, எச்3என்2 என்ற இரு வகைக் கிருமிகளிலிருந்தும் சுண்டெலிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததாக எழுதினார்கள்.

பாதுகாப்பு என்றால் காய்ச்சலே வராது என்று எண்ணிவிடாதீர்கள். எம்2 எதிர்ப்புப் பொருள், கிருமி நுழைவதைத் தடுப்பதில்லை. கிருமி புகுந்த உயிரணுக்களைப் பிடித்துக் கொடுக்கிறது. ஆகவே சுண்டெலி சற்று மெலியலாம், ஆனால் பிழைத்துக்கொள்ளும். இச்சோதனைகளில் தராசுதான் முக்கியக் கருவி. ஏறக்குறைய இருபது கிராம் எடையுள்ள உயிரைத் தினமும் நிறுத்துப் பார்க்கிறார்கள். பாவந்தான், என்ன செய்வது!

இன்னொன்று. மனிதருக்கு வரும் காய்ச்சல் கிருமி சுண்டெலிக்கு எளிதில் ஒட்டாது. பெரும்பாலும், அதன் நுரையீரலில் திரும்பத் திரும்பப் பழக்கிய கிருமியைத்தான் மூக்கில் விடுகிறார்கள். அதனால் சுண்டெலியிடம் வென்றது நம்மிடமும் வெல்லும் என்று சொல்ல முடியாது. எம்2 தடுப்பூசி எதுவும் இன்னும் மக்களுக்குப் போட அனுமதி பெறவில்லை.

இன்று நமக்குக் கிடைப்பது ஆண்டு ஊசிதான். வயதானவர்களும், இனிப்பு நீர், இழுப்பு உள்ளவர்களும் கிளினிக்கில் கேளுங்கள். சென்ற ஆண்டு போட்டது இவ்வாண்டுக்குச் செல்லாது.