சங்கிலி ரம்பம் திணறும்போது

குடகிலும் சிக்கமகளூரிலும் காப்பித் தோட்டங்களில் பணிபுரியும் நம்மவர்க்குச் சங்கிலி ரம்பம் புதிதன்று. பருவமழைக்கு முன்னர் நிழல் மரங்களின் கிளை கழிக்கும் வேளையில்தான் அது திணறத் தொடங்கும். பட்டறையோ தொலைவில். நோயைக் கன்னடத்தில் விளக்க இயலாமல், 'ரிப்பேர்' என்னும் ஒற்றைச் சொல்லோடு எந்திரத்தை ஒப்படைத்து, இரண்டு மூன்று நாட் கூலியை இழந்து நிற்பவர் பலர். இவற்றுள் பெரும்பாலான கோளாறுகளைத் தோட்டத்திலேயே கண்டறியலாம்.

குறை என்ஜினிலா, சங்கிலியிலா என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். கூரிய சங்கிலி மரத்தைச் சீவல் சீவலாக எறியும். மாவுபோன்ற தூள் விழுமானால் பற்கள் மழுங்கிவிட்டன. என்ஜின்மேற் பழி சுமத்துவதிற் பயனில்லை. (இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவம், மரத்தைக் குடையும் வண்டின் புழுவைப் பார்த்து அமெரிக்கரான ஜோசப் காக்ஸ் உருவாக்கியது. 1947இல் அதனைத் தயாரிக்க அவர் தொழிற்கூடம் நிறுவினார்.) அரத்தை எடுக்குமுன் என்ஜினை நிறுத்துங்கள், பிளக்கின் தொப்பியைக் கழற்றுங்கள், கையுறை அணியுங்கள்.

அடுத்தது எரிபொருள். இஃது இரண்டடி என்ஜின். தனியே எண்ணெய்த் தொட்டி உடையதன்று. பெட்ரோலில் கலந்த எண்ணெயே பிஸ்டனுக்கு உயவு. நல்ல 2டி எண்ணெயாயின் லிட்டருக்கு 20 மில்லி லிட்டர் என்பது பல எந்திரங்களுக்குரிய அளவு. இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்துள்ளது. அது காற்றின் ஈரத்தை ஈர்க்கும். மலைநாட்டு மழையில் வாரக்கணக்கில் வைத்த கலவையில் நீர் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். உறிஞ்சுகுழாய் கிடப்பதும் அங்கேயே. ஒரு திங்களுக்கு மேற்பட்ட கலவையை நம்பவேண்டா.

சில நிமிடங்கள் நன்றாக ஓடிப் பின்னர் அடங்குகிறதா? தொட்டி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று உட்புகுந்து எந்திரம் மீண்டும் ஓடினால், தொட்டியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. மெதுவாக ஓடுகையில் குறையின்றி, விசையை முழுதும் அழுத்தும்போது மட்டும் வலுவிழந்தால், காற்று வடிகட்டியையும் சைலன்ஸரின் வாயிலுள்ள கம்பிவலையையும் கழற்றிப் பாருங்கள். மரத்தூளும் கரியும் அடைத்திருக்கும். நைலான் வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தியபின் பொருத்தலாம்.

பிளக்கின் முனை நிறமும் செய்தி சொல்லும். பழுப்பாயின் நலம், கருத்து ஈரமாயின் எரிபொருளோ எண்ணெயோ மிகுதி. வெளுத்திருந்தால் கலவையில் காற்று மிகுதி. கடைசியாகச் சொன்னதே கொடியது. பெட்ரோல் குறைந்தால் அதனுடன் வரும் எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரிற் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன் எந்திரம் வழக்கத்தினும் உயர்ந்த சுருதியிற் கிறீச்சிடும். 'அருமையாக ஓடுகிறது' என்று மகிழவேண்டிய ஓசையன்று அது. உடனே நிறுத்துங்கள். காற்று எங்கேனும் கசிந்து உட்புகுகிறதோ என்பதைப் பட்டறைக்காரர் பார்க்கட்டும்.

இதனாலேயே கார்புரேட்டர் திருகாணிகளை முதலிலேயே தொடுதல் தகாது என்பேன். வேகம் வேண்டி 'எச்' எழுத்துள்ள திருகாணியை உள்நோக்கி முறுக்குவோர் எண்ணெயையும் சேர்த்தே அடைக்கின்றனர். மற்றவை யாவும் துப்புரவாக இருந்தும் விசையை அழுத்தியவுடன் என்ஜின் தயங்குமாயின், 'எல்' திருகாணியை மட்டும் அரைக்காற் சுற்று வெளியே திருப்பிப் பார்க்கலாம். முன்பு இருந்த நிலையைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். திருகாணியே இல்லாத புதிய மாதிரிகளில் இவ்வேலைக்கு இடமில்லை.

விசையை விட்டபின்னும் சங்கிலி சுழல்கிறதா? மெல்லோட்ட வேகத்தைக் குறைக்கும் திருகாணியை இடப்பக்கமாகத் திருப்புங்கள். அப்போதும் நில்லாவிடில் கிளட்சின் சுருள்வில் அறுந்திருக்கக்கூடும். அந்த ரம்பத்தோடு ஏணிமீதும் ஏறவேண்டா, நிலத்தில் நின்றும் வெட்டவேண்டா. வில்லை மாற்றும்வரை வேலை அரிவாளாலேயே நடக்கட்டும்.